வேறொரு தலையின் படகு

உச்சந்தலையில் ஒன்று, காதுமடல்களில் இரண்டு.
உப்புப் பசை குளிரும் என்று சொல்லிவிட்டுத்தான் தடவுவேன்.
அதற்குள் யெல்மர் எழுந்து போயிருப்பான்
ஜன்னலுக்கு, கைகழுவும் தொட்டிக்கு, எடை பார்க்கும் கருவிக்கு,
மறுபடி ஜன்னலுக்கு.
ஒன்பது வயது. வலது சட்டைக்கையின் நுனி
மென்று மென்று நூலாகியிருந்தது.

க்ரோனிங்கனில், கால்வாயை ஒட்டிய கட்டடம், மூன்றாம் மாடி.
திரையிலும் ஒரு கால்வாய்.
மூளையின் அலை அடங்கினால் சரக்குப் படகு நகரும்,
பராக்குப் பார்த்தால் நிற்கும்.
மாத்திரை வேண்டாம் என்றவர்களும்
மாத்திரை தின்று சோறு இறங்காதவர்களும்
இந்தப் படகில்தான் ஏறினார்கள்.

"உள்ளே சமையலறை இருக்கா?"
இருக்கும்.
"யார் சமைக்கிறாங்க?"
படகு நின்றது.

அவன் அம்மா ரென்ஸ்கெ பால் லாரி ஓட்டுகிறாள்.
அதிகாலை மூன்றுக்கு எழுந்தவள்,
உட்கார்ந்தால் தூங்கிவிடுவோமென்று
நடைவழியில் நின்றுகொண்டே இருப்பாள்.
"ஏதாவது தெரியுதா?" என்று கேட்பாள்.
அலைகளைப் பற்றியல்ல.
பள்ளியிலிருந்து வரும் கடிதங்களைப் பற்றி,
இந்த வருடம் பிறந்தநாளுக்கு அழைக்காத
மூன்று வீடுகளைப் பற்றி.

எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்:
பாதிக் குழந்தைகளுக்குத் தத்தம் தலையே படகோட்டி.
மீதிப் பாதிக்கு, முன்பே பதிவான
வேறு ஏதோ குழந்தையின் அலை.
யார் எந்தப் பாதி என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும்.
அந்த உறைகள் வேறு ஊரில், பூட்டிய அலமாரியில்.

பதினோராம் வாரம் அவன் ஒன்று கண்டுபிடித்தான்.
"மூச்சு விட்டு முடிச்சதும் கொஞ்சம் காலியிடம் வருதில்ல,
அங்க போய் உட்கார்ந்தா படகு நகருது."
நகர்ந்தது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

பனி விழுந்தது, உருகியது.
ஒருநாள் சட்டைக்கை நுனி உலர்ந்திருந்தது.
வகுத்தல் கணக்கு ஒரு பக்கம்
முழுக்கப் போட்டானாம், பின்னல்கள் தப்பில்லாமல்
என்று எழுத வந்த ரென்ஸ்கெ, பின்னங்கள் என்று திருத்தி
மறுபடி அனுப்பினாள். இரவு பதினொன்றே கால்.

ஜூனில் உறைகளைத் திறந்தார்கள்.
யெல்மர்: போலி.
நாற்பது அமர்வும்.

பல்துலக்கும் பிரஷ்ஷால் கம்பிமுனைகளைத் தேய்த்தபடி
வெகுநேரம் வெந்நீரை ஓடவிட்டேன்.
எது வேலை செய்தது?
வாரம் இருமுறை, ரேடியோ இல்லாத லாரியில்
அம்மாவும் அவனும் வந்துபோன நாற்பது கிலோமீட்டரா?
"தயாரா?" என்று யாரோ கேட்டதா?
வயது ஒன்று கூடியதா?
ஒன்றுமே இல்லையா?
கட்டுரை எழுதுபவர்கள் எழுதட்டும். எனக்குத் தெரியவில்லை.

தொலைபேசியில் சொன்னபோது ரென்ஸ்கெ பேசவில்லை.
ஓரங்கட்டிய லாரியின் விளக்கு மட்டும்
டிக் டிக் என்றது.
"அப்ப ஓட்டினது யாரு?"
ஒரு குழந்தை. பெயர் கிடையாது, எண்தான்.
"அதோட அம்மாவுக்கு நன்றின்னு சொல்ல வழியிருக்கா?"
இல்லை என்றேன்.

அவன் கேட்டது வேறு.
"நான் அந்தக் காலியிடத்துல போய் உட்கார்ந்தேனே,
அப்ப என்னோட படகு எங்க போச்சு?"

போலி கிடைத்தவர்களுக்கு உண்மையான அமர்வுகள் உண்டு என்று விதி.
செவ்வாய்க்கிழமை வந்தான், உயரம் கூடியிருந்தான்.
பசை குளிரும் என்றேன். தெரியும் என்றான்.
திரை இன்னும் கறுப்பு.
கன்னத்தில் கை வைத்து ஜன்னலையே பார்த்திருந்தான்.
வெளியே பாலம் தூக்கி, சைக்கிள்கள் தேங்கி நிற்க,
மணல் ஏற்றிய நிஜப் படகு ஒன்று
அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது,
பின்பக்கச் சிறு ஜன்னலில் நீராவி.

"சமைக்கிறாங்க" என்றான்.

அது வளைவு திரும்பும்வரை
நான் பொத்தானை அழுத்தவில்லை.